நிரவிய மணல்

அக். 3, வெள்ளி

“இதுல எம் பொண்ணுக்கு இன்னாங்க மேடம் வரும்?”

நதியாவின் அப்பா இன்று காலை பள்ளி கேட்டில் நின்று கேட்டது. பதில் தெரியவில்லை. வீடு வந்து, சமைத்து, சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியாயிற்று. இன்னும் தெரியவில்லை. அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. ஊரில் கொஞ்சம் நிலம், மீதி நேரம் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். ஒரு நடை போனால் என்ன வரும் என்று கேட்டுவிட்டுத்தானே வண்டியை எடுப்பார், அதே குரல். ஸ்போர்ட்ஸ் கோட்டா, காலேஜ் சீட், போலீஸ் வேலை என்று எங்கள் எச்.எம். போல அடுக்கியிருக்கலாம். நானே நம்பாததைச் சொல்ல வாய் வரவில்லை. “பார்க்கலாங்க” என்றேன். “செரிங்க” என்று கிளம்பிவிட்டார்.

விட்டு விட்டு மழை. மாடியில் போட்ட துணி இரண்டாம் முறையும் நனைந்தது. வேங்கிக்காலில் தெரு முழுக்கச் சேறு. மைதானமும் சொதசொத, புளியமரத்தடி குளம். மணல்குழி மட்டும் நன்றாக இருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. காலாண்டு விடுமுறை என்றாலும் ஐந்து பெண்கள் வந்தார்கள்.

ஜூனில் மேலிடத்து உத்தரவு: மேல்நிலை மாணவிகளுக்கு விளையாட்டும் கலையும் விரிவாக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் இடம் காலி. “நீங்க ஃபிசிக்ஸ்தானே, எல்லாம் ஃபோர்ஸு, மோஷன்தானே” என்று எச்.எம். பொறுப்பை என் தலையில் கட்டினார். வாசலில் ஃப்ளெக்ஸ், பன்னிரண்டு பிரிவுகள். இன்றைய நிலவரம், எனக்காக:

கேரம் – போர்டு உண்டு. ஸ்ட்ரைக்கர் இல்லை, பாட்டில் மூடி.
சதுரங்கம் – ஒரு குதிரையைக் காணோம். அந்த இடத்தில் அழிரப்பர்.
சிலம்பம் – மாஸ்டர் ஒரு நாள் வந்தார். ஃபோட்டோ எடுத்தோம். பிறகு வரவில்லை.
நாடகம் – தமிழ் டீச்சர் லதா மகப்பேறு விடுப்பில்.
வாலிபால் – வலை உண்டு, கம்பம் இல்லை.
நீச்சல் – எங்கே?
நீளம் தாண்டுதல் – குழி உண்டு. மணல் உண்டு. நதியா உண்டு.

குழி பெண்களே வெட்டியது. மணல் நதியாவின் அப்பா ஒரு நடை கொண்டுவந்து கொட்டியது. அவர் சம்மதிக்கும்வரை மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம்.

அவள் பதினொன்றாம் வகுப்பு. கடைசிக்கு முந்தின பெஞ்சு. என் பாடத்தில் சுமார்தான். ஓடி வரும்போது பார்க்க நன்றாக இராது, இடது தோள் தொங்கும். பலகையை மிதித்த பிறகு வேறு ஒருத்தி. இன்று 4.85 மீட்டர். டேப்பை நான் இரண்டு முறை பிடித்துப் பார்த்தேன். அவள் நம்பினாள், நான்தான் நம்பவில்லை.

எரிவாயு பதிய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு.

அக். 4, சனி

மேகமூட்டம், மழை இல்லை. காலைப் பயிற்சி. ஷபானாவும் நன்றாகத் தாண்டுகிறாள், ஆனால் வாய் ஓய்வதில்லை.

“ஏய் நதியா, வேகத்துல மலைக்கு அந்தாண்ட போய் வுழுந்துடாதடி. உன்னத் தேட பதினாலு கிலோமீட்டர் நான் சுத்தி வரணும்.”

“சுத்துனா உனக்குப் புண்ணியம்தானே.”

“எனக்கு எதுக்குடி உங்க புண்ணியம், காலு வலிக்கும்.”

நான் சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. மிஸ் சிரித்தது அவர்களுக்குப் பெரிய செய்தி.

போகும் நேரத்தில் ஏகாம்பரம் வந்தார். அரிசி மண்டி வைத்திருக்கிறார். பௌர்ணமிதோறும் எங்கள் மைதானத்தில் சமைத்து, கிரிவலம் வருகிறவர்களுக்கு அன்னதானம் செய்யும் குழு அவருடையது. முந்தின எச்.எம்.கள் காலத்திலிருந்தே நடக்கிறது. திங்கள் பௌர்ணமி. மைதானம் கேட்க வந்தார். கேட்பது மரியாதைக்கு, கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

போன மாதம் அவர்கள் போன பிறகு இலையும் கரியும் பள்ளமுமாக ஒரு வாரம் எங்களால் இறங்க முடியவில்லை. அதைச் சொன்னேன். “போகும்போது மண்ணைப் பழையபடி நிரவிவிட்டுப் போகணும். ஒரு இலைகூடக் கிடக்கக் கூடாது.” கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“கவலையே படாதீங்க மேடம். அடுப்பு வெச்ச தடமே தெரியாது.”

இரவு இவர் ஃபோன், வேலை பார்க்கும் ஓசூரிலிருந்து. நான் 4.85 என்றதும் “என்ன, பாலுக்குக் கொழுப்பா?” என்றார். விளக்கினேன். மாவட்டப் போட்டியில் எத்தனாவது இடம் என்று கேட்டார். போட்டியே 14ஆம் தேதிதான் என்றேன். “நீ இவ்ளோ பேசி ரொம்ப நாள் ஆச்சு” என்றார்.

அக். 6, திங்கள்

பள்ளி திறந்தது. பாதி வகுப்பு காலி. பௌர்ணமி, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிற்கும், கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள். நதியா வந்திருந்தாள். அப்பா லோடு ஏற்ற வந்தபோது கூடவே ஏறி வந்தாளாம்.

மத்தியானம் ஒரு தூறல். சாயங்காலம் ஏகாம்பரத்தின் ஆட்கள் அண்டா, விறகு, தார்ப்பாய் இறக்கினார்கள். வழக்கமாக அடுப்பு வைக்கும் புளியமரத்தடியில் கணுக்கால் சேறு. அதைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ரோடு மூடுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நான் ஆட்டோ பிடித்தேன். பைபாஸ் சுற்றி வந்தான், இரண்டு மடங்கு கேட்டான்.

நாளைக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை. அடுத்த செவ்வாய் போட்டி. ஆறரைக்கு வரச் சொல்லிவிட்டேன். நதியா இன்று இரவு ஷபானா வீட்டில் தங்குகிறாள்.

மாடியில் போய் நிலா பார்த்தேன். நன்றாக இருந்தது. எனக்கு இந்தச் சுற்றுதலில் நம்பிக்கை கிடையாது. நடக்கிறவர்களைக் குறை சொன்னதும் இல்லை. ராத்திரியில் அத்தனை பேருக்கு யாரோ சுடச்சுடச் சோறு போடுகிறார்கள், அது நல்ல காரியம்தான்.

அக். 7, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுத முடியாது.

ஆறரைக்குப் போனேன். மைதானம் சுத்தம். உண்மையிலேயே சுத்தம். ஒரு இலை இல்லை. மணல்குழி நிரவி, சீப்பு இழுத்த மாதிரி கோடு கோடாக. “பரவாயில்லையே” என்று வாய்விட்டுச் சொன்னேன். நதியாவும் ஷபானாவும் மட்டும் வந்திருந்தார்கள். ஓட்டத்துக்கு அடையாளம் வைத்தோம். நான் பலகை அருகே டேப்போடு.

நதியா முதல் தாண்டல். வெறுங்கால், எப்போதும் போல.

விழுந்தாள், கத்தினாள். கணுக்கால் மடங்கிவிட்டது என்று நினைத்தேன். எழுவதற்கு வலது கையை ஊன்றினாள், அதற்கும் கத்தினாள். நிற்கப் பார்த்தாள், கால் இன்னும் ஆழமாக இறங்கியது. அப்போதுதான் மணலுக்குள்ளிருந்து புகை. ஷபானாதான் முதலில் ஓடினாள். இருவரும் அக்குளில் கை கொடுத்து இழுத்தோம். குடிநீர்த் தொட்டி வரை தூக்கிக்கொண்டு போய்க் காலைத் தண்ணீரில் வைத்தோம். ஆட்டோ. ஆஸ்பத்திரி.

இரண்டு உள்ளங்காலும். வலது உள்ளங்கை. டாக்டர் சின்னப் பெண். “ஆழமா இருக்கு. ஆறும். ஆனா நாளாகும்.” விளையாட்டு? “நடக்கட்டும் முதல்ல.”

புளியமரத்தடி சேறு என்பதால் மணல்குழியிலேயே நீளமாக வெட்டி அடுப்பு வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன்பு வேலை முடிந்ததும் தணலை அப்படியே விட்டு மணலைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றவில்லை. சாமிக்கென்று சோறு ஆக்கிய அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கமாட்டார்களாம், மண் போட்டு மூடுவதுதான் முறையாம். பிறகு, மேடம் கண்டிப்பாகச் சொன்னாரே என்று, அழகாக நிரவியிருக்கிறார்கள்.

அலங்கோலமாக விட்டுப் போயிருந்தால் நான் பார்த்திருப்பேன்.

மேல்மணல் குளிர்ந்துதான் இருந்தது. ஓரத்தில் நானே மிதித்து நின்றேன். மணல் அரிதிற்கடத்தி, உள்சூட்டை எளிதில் வெளியே விடாது. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன், அடிக்கோடு போடுகிறேன்.

அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்தது நான். செங்கம் ரோட்டில் லோடோடு இருந்தார். “எம் பொண்ணா?” என்று இரண்டு முறை கேட்டார்.

சாப்பிடவில்லை. பால் திரிந்துவிட்டது.

அக். 8, புதன்

வெயில். வேண்டாத வெயில்.

பள்ளி முடிந்ததும் ஆஸ்பத்திரி. நதியா தூங்கவில்லை. கால் இரண்டும் வெள்ளைப் பொட்டலமாகத் தலையணை மேல். அம்மா கட்டிலடியில். அப்பா சுவரோரம் நின்றபடி.

ஏகாம்பரம் வந்தார். சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம். எடுக்கவில்லை. அழுதார். பெரிய உடம்பு, வார்டே திரும்பிப் பார்த்தது.

“தம்பி, அண்ணாமலையாருக்குன்னு பண்ண காரியம் தம்பி. இப்பிடி ஆவும்னு தெரியாது.”

நதியாவின் அப்பா மெதுவாகச் சொன்னார்: “அண்ணாமலையாருக்குக் கால் சுடலீங்களே.”

பிறகு அவரே ஸ்டூலை நகர்த்தி, “உக்காருங்க, எத்தினி நேரம் நிப்பீங்க” என்றார். ஏகாம்பரம் உட்கார்ந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது நதியா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “மிஸ், நேத்து குதிச்சது அளந்தீங்களா?”

“இல்லடா.”

“நல்லா வந்துச்சி மிஸ். காத்துல இருக்கும்போதே தெரிஞ்சிச்சி.”

டேப்பை எங்கே போட்டேன் என்றே எனக்கு நினைவில்லை.

அக். 10, வெள்ளி

காலையில் எச்.எம். அறையில் கூட்டம். பெற்றோர் சிலர், ஆசிரியர்கள் நாங்கள் நால்வர். தேநீர், பிஸ்கட்.

முடிவு: வெளி விளையாட்டு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கேரம், சதுரங்கம், கோலம், கையெழுத்துப் பயிற்சி. நான்கு மணிக்கு எல்லாப் பெண்களும் வீட்டுக்கு. 14ஆம் தேதிக்கு ஏற்கெனவே பெயர் போய்விட்டதால் ஷபானாவும் மற்ற மூவரும் மட்டும் போகலாம், அதுதான் கடைசி. மணல்குழியை மூடிவிடுவது.

ஒரு அம்மா: “பொட்டப் புள்ளைங்க ஒக்காந்து ஆடறதா ஏதனா வைங்க மேடம். காலு கையி போச்சின்னா யாரு பாக்கறது?”

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “சுட்டது அடுப்பு. தாண்டுவதை ஏன் நிறுத்தணும்? அடுப்பைத்தானே நிறுத்தணும்?”

எச்.எம். கெட்டவர் இல்லை. ஃப்ளெக்ஸ் அடித்த அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். “அன்னதானத்தை நான் எப்படிங்க நிறுத்தறது? நாளைக்கு நான் இந்த ஊர்ல நடக்க வேணாமா? என் பொண்ணு இங்க படிச்சாலும் இதைத்தான் சொல்லுவேன்.”

பிஸ்கட் தட்டு என் பக்கம் வந்தது. ஒன்று எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன்.

மத்தியானமே ஜல்லியும் செங்கல் துண்டுமாக ஒரு டிராக்டர் வந்து கொட்டியது. பன்னிரண்டாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாடம் நடத்திக்கொண்டேதான் இருந்தேன். என்ன பாடம் என்று யாராவது கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது.

நான்கு மணிக்கு மணி. பெண்கள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் வரை “இன்னும் ஒரு தடவ மிஸ், பஸ் போனா போவுது” என்று நச்சரித்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். கேட்கிற பழக்கம் இப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது.

இவர் ஃபோன். “நீ என்ன பண்ண முடியும், விடு” என்றார். சரிதான். விட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், குழாயை எதற்குத் திறந்தேன்?

அக். 13, திங்கள்

காலையில் நல்ல மழை, பிறகு தெளிவு.

நதியாவைச் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வர வேண்டும். பள்ளி விட்டதும் தண்டராம்பட்டு ரோட்டு பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், என்னுடைய பழைய ரேடியோ ஒன்று. ரேடியோவை ஏன் எடுத்துப் போனேன் தெரியவில்லை, அவளிடம் ஃபோன் இருக்கிறது.

அவள் அம்மா காபி போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. “நீங்க இன்னா பண்ணுவீங்க டீச்சர், எங்க நேரம்.” திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நதியா கட்டிலில். தம்பியின் கிரிக்கெட் மட்டையால் முதுகு சொறிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மறைத்தாள். நாளைய போட்டியைப் பற்றித்தான் கேட்டாள். எத்தனை மணிக்கு, யார் யார், ஷபானா எந்த வரிசையில்.

பிறகு: “நானும் வரட்டா மிஸ்? சும்மா பாக்க.”

அப்பா வாசலில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, “வேணாம். பாத்து இன்னா ஆவப்போவுது” என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். சொன்னேன்: “ஈரம், மண்ணு. இன்ஃபெக்‌ஷன் ஆயிடும் நதியா. அப்பா சொல்றதுதான் சரி.”

“செரி மிஸ்.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. அவள் வராவிட்டால் நாளை அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. மருத்துவக் காரணம் பிறகு வந்தது, இதுதான் முதலில் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் நின்றபடி. பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி தீபாவளிக்கு எடுத்த புடவையின் நிறத்தைப் பற்றி ஊர் வரும் வரை ஃபோனில் பேச்சு.

அக். 14, செவ்வாய்

வெயில், லேசான காற்று. மாவட்ட விளையாட்டரங்கம். நான்கு பெண்களோடு எட்டு மணிக்கே போய்விட்டோம். எண் துணியைக் குத்த ஊக்கு பற்றவில்லை, என் முந்தானை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

நீளம் தாண்டும் இடம் கம்பி வேலி ஓரம். பத்து மணி வாக்கில் வேலிக்கு வெளியே ஒரு குட்டியானை பின்பக்கமாக வந்து நின்றது. நதியாவின் அப்பா இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மெத்தை. மெத்தையில் நதியா, முதுகுக்கு இரண்டு தலையணை, கால் இரண்டையும் ஜவுளிக்கடைப் பையால் சுற்றிக் கட்டியிருந்தது. பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். அவர் என்னைப் பார்த்து, “ராத்திரி முழுக்க ஒரு வார்த்த பேசல மேடம்” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

ஷபானா வேலியருகே ஓடி வந்தாள். “வந்துட்டியாடி மகாராணி, பல்லக்குல!” இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஷபானா திரும்பி ஓடும்போது கண்ணைத் துடைத்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். நதியாவின் பெயரும் இருந்தது. மூன்று முறை கூப்பிட்டார் அந்த சார். மூன்றாவது முறை நான் போய், “ஆப்சென்ட், சார்” என்றேன். அவர் கோடு போட்டார். வேலிப் பக்கம் நான் திரும்பவில்லை.

ஷபானா இரண்டு ஃபவுல், ஒன்று 4.21. ஐந்தாம் இடம். மற்றவர்கள் இன்னும் கீழே.

முதலிடம் ஆரணிப் பக்கத்துப் பெண். நல்ல ஓட்டம், நல்ல பயிற்சி. ஸ்பைக் ஷூ. 4.62.

கைதட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு கைதட்டல் கேட்டது. நதியா, இடது கையால் தன் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா வேலியைப் பிடித்தபடி என் பக்கம் வந்தார்.

“அந்தப் பொண்ணுதாங்களா ஃபர்ஸ்ட்டு?”

“ஆமாங்க.”

“எவ்ளோங்க?”

“நாலு மீட்டர் அறுபத்திரண்டு.”

கொஞ்ச நேரம் மணலையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கேட்காதபடி: “நம்ம பாப்பா எவ்ளோ குதிச்சிருக்கு?”

கம்மியாகச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

“நாலு எண்பத்தஞ்சு.”

“ஜாஸ்திங்களா அது?”

“ஜாஸ்திதாங்க.”

“எத்தினி ஜாஸ்தி? காட்டுங்க.”

கையில் டேப் இருந்தது. பிரிக்க மனம் வரவில்லை. “ஒரு சாண் இருக்கும்” என்றேன்.

அவர் வேலியின் மேல்குழாயில் கையை வைத்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் முடிந்த மட்டும் விரித்தார். கிரீஸ் படிந்த விரல்கள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். மைக்கில் அடுத்த போட்டிக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

“நைனா, போலாம்” என்று வண்டியிலிருந்து நதியா கூப்பிட்டாள்.

அவர் கையை எடுக்கவில்லை.